வாப்பன்: ஜெர்மன் ஊர்களின் கேடயப்பொறி

ஜெர்மனியின் எந்தச் சிறிய ஊரைப் பற்றிப் படித்தாலும் பக்கத்திலேயே கேடய வடிவில் ஒரு படம் இருக்கும். ஏதாவது ஒரு சிங்கம், ஒரு சாவி, ஒரு மில் சக்கரம், கீழே அலை போல வளைந்த ஒரு பட்டை. தமிழில் அதன் அடியில் ‘சின்னம்’ என்று போட்டு முடித்துவிடுகிறோம், சில இடங்களில் ‘இலச்சினை’ என்று வருகிறது, இன்னும் சிலர் ‘லோகோ’ என்றே எழுதிவிடுகிறார்கள். ஜெர்மன்காரர்கள் இதற்குச் சொல்லும் பெயர் வாப்பன். ஊருடையது என்றால் கெமைண்டெவாப்பன். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நாம் போடும் மூன்று சொற்களுமே சரியாகப் பொருந்தவில்லை என்பது தெரியும்.

முதலில் சொல்லின் வேர். வாப்பன் என்றால் ஆயுதம். இன்றைய ஜெர்மனில் ஆயுதத்துக்கு வாஃபெ என்று வேறு சொல் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே சொல்தான். ஜெர்மனியின் வடக்கிலும் நெதர்லாந்துப் பக்கமும் பேசப்பட்ட கிளைமொழிகளில் பழைய ‘ப’ ஒலி அப்படியே நின்றது, தெற்கத்திய ஜெர்மனில் அது ‘ஃப’ ஆக மாறியது. ஆங்கிலத்தில் ஷிப் என்பது ஜெர்மனில் ஷிஃப் ஆகவும், ஓப்பன் என்பது ஓஃபன் ஆகவும் இருப்பது இந்த மாற்றத்தால்தான், ஆங்கில வெப்பனும் இதே குடும்பம். குதிரைவீரர்களின் பண்பாடு ஃபிளாண்டர்ஸ், கீழ் ரைன் பகுதிகள் வழியாகத் தெற்கே போனபோது அதனுடன் சேர்ந்து இந்தச் சொல்லும் வடக்கத்திய ஒலியோடு போய்ச் சேர்ந்தது. கொஞ்ச காலம் இரண்டு வடிவங்களும் ஆயுதத்தையே குறித்தன, பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டன. வாளும் ஈட்டியும் வாஃபெ ஆனது, கேடயத்தில் வரைந்த அடையாளம் வாப்பன் ஆனது. ஒரு விஷயத்துக்கு முன்கூட்டியே தயாராகிக்கொள்வதை இன்றும் ‘ஸிஹ் வாப்னன்’ என்கிறார்கள், அதில் பழைய ஆயுதப் பொருள் இன்னும் இருக்கிறது.

‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயர் வேறு வழியில் வந்தது. கவசத்துக்கு மேலே வீரன் போட்டுக்கொண்ட துணி மேலங்கியில் அதே அடையாளம் தைக்கப்பட்டிருந்ததால் ‘கோட்’ என்ற சொல் சேர்ந்தது, ‘ஆர்ம்ஸ்’ என்றால் அங்கேயும் ஆயுதம்தான். தமிழில் ‘மேலங்கிச் சின்னம்’ என்று சிலர் எழுதுவது இந்த ஆங்கிலப் பெயரைப் பார்த்துத்தான். ஜெர்மன் ஊரைப் பற்றி எழுதும்போது அந்த மேலங்கி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, ஜெர்மன் சொல்லில் அங்கியே கிடையாது.

சரி, கெமைண்டெ. இதன் வேரான கெமைன் என்பதற்குப் ‘பொதுவான’ என்று பொருள். மேய்ச்சல் நிலம், காடு, கிணறு என்று பொதுவில் வைத்துக்கொண்டவர்களின் கூட்டம்தான் கெமைண்டெ, தேவாலயத்தின் சபையையும் இதே சொல்லால் குறிக்கிறார்கள். ஆங்கிலம் வழியாக வரும் ‘நகராட்சி’ இதற்குப் பல இடங்களில் ஒத்துவராது. சட்டப்படி மியூனிக் மாநகரமும் ஒரு கெமைண்டெ, ரைன்லாந்து-பலாட்டினேட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் வாழும் டீர்ஃபெல்டும் ஒரு கெமைண்டெ. நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பொதுவாகப் பேசும்போது உள்ளாட்சி, சிறிய ஊர்களைப் பற்றிப் பேசும்போது ஊராட்சி அல்லது வெறும் ஊர், இதுவே போதும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கேடயமும் வாளும் பிரபுக்களுடையது. உழுது பிழைத்த கிராமத்துக்கு எதற்குக் கேடயம்?

பெரும்பாலான கிராமங்களுக்கு அது இல்லைதான். 12ஆம் நூற்றாண்டில் வீரர்களும் பிரபுக் குடும்பங்களும் தொடங்கியதை அப்புறம் நகரங்கள் எடுத்துக்கொண்டன. கிராமத்திடம் இருந்தவை இரண்டு. ஒன்று முத்திரை. ஊர் நியாய சபை ஆவணங்களுக்கு மெழுகில் பதிக்க ஒரு முத்திரை வைத்திருந்தது, அதில் ஊர்த் தேவாலயத்தின் புனிதரோ ஆண்ட பிரபுவின் சின்னமோ இருக்கும். இன்னொன்று எல்லைக்கல். தென்மேற்கு ஜெர்மனியில் ஊர் எல்லைக் கற்களில் ஒரு கலப்பைக் கொழு, ஒரு குதிரை லாடம், திராட்சைக் கொடி கழிக்கும் வளைந்த கத்தி என்று எளிய குறிகளைச் செதுக்கினார்கள், வுர்டம்பெர்க் பக்கம் இதை ஃப்ளெக்கன்ட்ஸைஹன், அதாவது ஊர்க்குறி என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் இது யார் நிலம் என்று கல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். இன்று பாடன், வுர்டம்பெர்க் ஊர்களின் கேடயங்களில் பார்க்கும் கொழுவும் கத்தியும் பெரும்பாலும் இந்தக் கற்களிலிருந்தும் முத்திரைகளிலிருந்தும் வந்தவை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். ஆயுதத்தின் பெயரைத் தாங்கிய ஒன்றில் உழவுக் கருவி வந்து உட்கார்ந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒரு பெரிய அலை. பாடனில் கார்ல்ஸ்ரூஹெயின் ஆவணக் காப்பகமே பழைய முத்திரைகளைத் தேடிப் பார்த்து ஊர் ஊராகக் கேடயம் வடிவமைத்துக் கொடுத்தது. ஓட்டோ ஹுப் என்ற ஓவியர் நாடு முழுக்க ஊர்களின் கேடயங்களைத் தொகுத்து வரைந்தார். பிரேமனின் காஃபே ஹாக் என்ற காபி நிறுவனம் அவர் வரைந்தவற்றைச் சிறிய ஒட்டுப்படங்களாக அச்சிட்டு, அவற்றை ஒட்டிச் சேர்க்க ஆல்பங்களும் கொடுத்தது. 1960களின் கடைசியிலும் 70களிலும் மேற்கு ஜெர்மனி தன் ஊராட்சிகளை ஒன்றோடொன்று இணைத்தது. பவேரியாவில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவை சுமார் 2,050 ஆகக் குறைந்தன. மூன்று ஊர் சேர்ந்து ஒன்றானால் பழைய மூன்று கேடயங்களிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துப் புதியது செய்வார்கள், அல்லது எத்தனை ஊர் சேர்ந்ததோ அத்தனை நட்சத்திரமோ கோதுமைக் கதிரோ வைப்பார்கள். கிழக்கில் 1990க்குப் பிறகு இன்னொரு அலை வந்தது. ஆகவே ஒரு குக்கிராமத்தின் கேடயத்தைப் பார்த்து எண்ணூறு வருடப் பழமை என்று எழுதிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் உருவம் பழையதாக இருக்கலாம், கேடயம் 1950க்குப் பிறகு வந்ததாகக்கூட இருக்கலாம்.

உருவங்களைப் படிப்பது அவ்வளவு கடினமில்லை. சிவப்புத் தளத்தில் ஆறு ஆரங்களுடன் வெள்ளைச் சக்கரம் இருந்தால் அந்த ஊர் ஒரு காலத்தில் மைன்ட்ஸ் பேராயருடையது, இந்தச் சக்கரம் ஹெஸ்ஸன், கீழ் ஃபிராங்கோனியா, துரிங்கியாவின் ஐக்ஸ்ஃபெல்ட் வரை பரவிக் கிடக்கிறது. கருப்பில் தங்கச் சிங்கம் என்றால் பலாட்டினேட் இளவரசர்கள். வெள்ளையில் ஐந்து இதழ்ச் சிவப்பு ரோஜா என்றால் லிப்பெ பிரபுக்கள். பவேரியாவின் வெள்ளை-நீலச் சாய்சதுரங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவை முதலில் டான்யூப் கரையிலிருந்த போகன் பிரபுக்களுடையவை, 1242இல் அந்த வம்சம் அற்றுப்போனபோது பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாஹ் குடும்பத்துக்கு வந்தவை. மேல் பவேரியாவில் சில இடங்களில் கிரீடம் சூடிய கருப்பின மனிதரின் தலை வரும், அது ஃபிரைஸிங் ஆயர்களின் அடையாளம், போப் பதினாறாம் பெனடிக்ட் தன் கேடயத்திலும் அதை வைத்திருந்தார்.

இன்னொரு வகைக்கு ஜெர்மனில் ‘பேசும் வாப்பன்’ என்றே பெயர். ஊர்ப் பெயரைப் படமாகவே போட்டுவிடுவது. எபர் என்றால் காட்டுப்பன்றி, எபர்ஸ்பெர்க் ஊரின் கேடயத்தில் கருப்புப் பன்றி மலை ஏறுகிறது. நெக்கர் ஆற்றங்கரை ஹிர்ஷ்ஹோர்னுக்கு மான்கொம்பு, ஏனென்றால் பெயரின் பொருளே அதுதான். பெர்லின் கரடியும் இந்த வகைதான், ஆனால் அந்தப் பெயர் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள், கரடிக்கான ஜெர்மன் சொல் காதில் கேட்டதால் கரடி ஏறிக்கொண்டது. பழையவைதான் வரவேண்டும் என்றும் இல்லை. மியூனிக்குக்கு வடக்கே உள்ள கார்ஹிங்கில் 1957இல் ஒரு ஆய்வு அணு உலை இயங்கத் தொடங்கியது, முட்டை வடிவக் கூரை என்பதால் மக்கள் அதை ‘அணுமுட்டை’ என்றார்கள், இன்று அந்த முட்டை கார்ஹிங்கின் கேடயத்தில் இருக்கிறது.

லோகோ என்று ஏன் சொல்லக் கூடாது என்பதற்குக் காரணம் இனிதான் வருகிறது. லோகோவுக்கு ஒரே ஒரு வரைபடம்தான் மூலம், கோடு கொஞ்சம் நகர்ந்தால் அது தவறு. வாப்பனுக்கு மூலம் வரைபடமே இல்லை, ஒரு வாக்கியம். அதற்கு பிளாஸொனீருங் என்று பெயர். ‘சிவப்பில் ஆறு ஆரமுள்ள ஒரு வெள்ளிச் சக்கரம்’, அவ்வளவுதான். இந்த வாக்கியத்தை மீறாதவரை ஓவியர் சக்கரத்தைத் தடிமனாகவோ மெல்லியதாகவோ வரையலாம், கேடயத்தின் அடியைக் கூராகவோ வட்டமாகவோ முடிக்கலாம், எல்லாமே அதே வாப்பன்தான். அதில் வெள்ளி என்றால் வெள்ளை, தங்கம் என்றால் மஞ்சள், இவை இரண்டும் உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு ஆகியவை நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகமும் நிறத்தின் மேல் நிறமும் வைக்கக் கூடாது என்பது பழைய விதி, தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டுமே. எழுத்தோ ஆண்டோ போடுவதை அறிந்தவர்கள் விரும்புவதில்லை. மொழிபெயர்ப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது வலம் இடம். கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலதுதான் வலது, பார்க்கிற நமக்கு அது இடப்பக்கம். படத்தைப் பார்த்துத் தன் போக்கில் ‘இடப்பக்கம் சாவி’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

சட்டமும் இதை அலங்காரமாகப் பார்ப்பதில்லை. மேயர் போடும் அலுவல் முத்திரையில் இந்த உருவம் இருக்கும். பவேரியாவின் உள்ளாட்சிச் சட்டம், 4ஆம் பிரிவு, புதிதாக ஒன்றை ஏற்கும் ஊர் மாநில ஆவணக் காப்பகங்களின் தலைமை இயக்ககத்திடம் ஆலோசனை பெற வேண்டும் என்கிறது, வெளியார் பயன்படுத்த ஊரின் அனுமதி வேண்டும் என்றும் சொல்கிறது.

அப்படியானால் தமிழில் என்ன? ‘சின்னம்’ மிகவும் அகலமான சொல், தேர்தல் சின்னமும் அதுதான், பாதுகாக்கப்பட்ட கோட்டையும் நினைவுச் சின்னம்தான். ‘இலச்சினை’ வடமொழி வழியாக வந்தது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் அதன் முதற்பொருள் முத்திரை, ஜெர்மனில் முத்திரைக்கு ஸீகல் என்று தனிச் சொல் இருக்கிறது, ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் மாட்டிக்கொள்வோம். என் தேர்வு ‘பொறி’. சேரனின் விற்பொறி சங்கப் பாடலிலேயே இருக்கிறது, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் தீர்த்த பொதிகளில் புலி பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆட்சி உரிமையைக் காட்ட ஓர் உருவத்தைப் பதிப்பது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக எழுதினால் எலிப்பொறியும் தீப்பொறியும் ஞாபகம் வரும் என்பது உண்மை, ஆகவே கூட்டுச் சொல்லாக எழுதலாம். வாப்பன் என்றால் கேடயப்பொறி, கெமைண்டெவாப்பன் என்றால் ஊர்ப்பொறி, பேசும் வாப்பன் என்றால் பெயர்ப்பொறி. இந்தக் கேடயப்பொறிகளை ஆராயும் ஹெரால்டிக் என்ற துறைக்குக் கட்டியம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஹெரோல்ட் என்பவர் உண்மையில் கட்டியக்காரர்தான், போட்டிக்கு வந்த வீரர்களைக் கேடயம் பார்த்து அறிவித்தவர், ஆனால் கட்டியம் என்றதும் நமக்குப் புகழ்ந்து கூவுவதுதான் தோன்றுகிறது. பொறியியல் என்று சொல்ல வழியில்லை, அதை எஞ்சினியர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கேடயப்பொறிக் கலை என்று விரித்து எழுதுவதே நல்லது.

கொடிக்கு ஜெர்மனில் இரண்டு சொல். ஃபானெ பழையது, மூலப் பொருள் துணி, நம் ‘துகில்’ போல. அது கம்பத்தோடு சேர்த்தே ஆணியடித்த தனிக்கொடி, சங்கங்களும் தீயணைப்புப் படைகளும் விழாவில் தூக்கி வருவது. ஃப்ளாகெ கப்பல்களிலிருந்து வந்த சொல், கயிற்றில் ஏற்றி இறக்குவது, கிழிந்தால் வேறொன்று வாங்கிப் போடலாம். பேச்சில் இரண்டையும் கலந்துதான் சொல்வார்கள். ஊர்க்கொடி பெரும்பாலும் கேடயத்தின் நிறங்களில் பட்டைகள், அதன் மேல் கேடயப்பொறி. உருவத்தின் நிறம் முதலில், தளத்தின் நிறம் அடுத்து என்பது வழக்கம். ஆக, சிவப்பில் வெள்ளைச் சக்கரம் வைத்த ஊருக்கு வெள்ளை-சிவப்புக் கொடி. அகலவாட்டில் பறப்பதை ஹிஸ்ஃப்ளாகெ என்றும், மேலே குறுக்குக் கட்டையில் மாட்டி நீளவாக்கில் தொங்கவிடுவதை பன்னர் என்றும் சொல்கிறார்கள். பதாகை என்று மொழிபெயர்க்கலாம்தான், ஆனால் இன்று பதாகை என்றால் விளம்பரத் தட்டி என்றாகிவிட்டது. ஏற்றுகொடி, தொங்குகொடி என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.