மத்திய வரியைப் பிரிக்கும் வாய்ப்பாடு

மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் அமைப்பு நிதி ஆணையம். 2021-26 காலத்துக்கு 15-ஆவது நிதி ஆணையம் போட்ட கணக்கில், மாநிலங்களுக்குப் பகிரப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் உத்தரப் பிரதேசத்துக்கு 17.94 ரூபாய், பீகாருக்கு 10.06, தமிழ்நாட்டுக்கு 4.08.

இதில் பெரிய நெம்புகோல் 'வருமான இடைவெளி', அதாவது உச்ச வருமான மாநிலத்தைவிட ஒரு மாநிலத்தின் தலா வருமானம் எவ்வளவு குறைவு என்பது. மொத்த மதிப்பெண்ணில் அதற்கு மட்டும் 45 சதவீதம். மக்கள்தொகைக்கும் பரப்பளவுக்கும் தலா 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடுகளுக்கு 10. வரி வசூலில் காட்டும் முனைப்புக்கு வெறும் 2.5தான்.

இடைவெளியை எப்படி அளக்கிறார்கள்? உச்ச வருமான மாநிலத்தில் தலைக்கு 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 'அ' மாநிலத்தில் 1.5 லட்சம், மக்கள் 7 கோடி. 'ஆ'வில் 50 ஆயிரம், 10 கோடிப் பேர். இடைவெளி முறையே 1 லட்சம், 2 லட்சம். அதை மக்கள்தொகையால் பெருக்கினால் 7, 20. இருவருக்குள் மட்டும் பிரித்தால் 'ஆ'வுக்கு 74 சதவீதம் போய்விடும். மக்கள்தொகையில் அதன் பங்கோ 59தான். 'அ' தன் வருமானத்தை 1.8 லட்சமாக உயர்த்தினால், அதன் பங்கு 26-லிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கும். உச்ச மாநிலத்துக்கு இடைவெளி பூஜ்யம் என்பதால், அதற்கு ஒரு சிறு இடைவெளியைப் பேருக்குக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள்.

கோளாறு எங்கே? முதலாவது, காலம். எடுத்துக்கொண்டது 2016-17 முதல் 2018-19 வரையிலான சராசரி வருமானம். அதை வைத்துப் போட்ட விகிதத்தை 2025-26 வரை அப்படியே நிற்கும்படி வைத்தார்கள். நடுவில் ஒரு மாநிலத்தின் தொழில் படுத்துவிட்டாலும் பங்கு கூடாது. இரண்டாவது, சராசரி என்பதே. பணக்கார நகரம் ஒன்று மாநிலத்தின் சராசரியைத் தூக்கிவிட்டால், அங்குள்ள வறண்ட மாவட்டங்கள் இந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. மாநில நிதி ஆணையங்கள்தான் உள்ளாட்சிகளுக்குப் பிரிக்கும்போது அதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லா மாநிலங்களையும் ஒரே பக்கம் நிறுத்துகிறது. மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்பது பகிர்வுத் தொகுப்பில்தான், அதாவது மாநிலங்களோடு பங்கிட வேண்டிய வரிப் பணத்தில்தான், மொத்த வரியில் அல்ல. குறிப்பிட்ட காரியத்துக்கென வசூலிக்கும் செஸ், வரிக்கு மேல் போடும் சர்சார்ஜ் இரண்டும் தொகுப்புக்குள் வராது. 2022 மே குறைப்புக்குப் பின் பெட்ரோல் லிட்டருக்கு மத்தியக் கலால் 19.90 ரூபாயாக இருந்தது. அதில் தொகுப்புக்குப் போனது அடிப்படைக் கலாலான 1.40 மட்டுமே. அந்த 1.40-இல் 41 சதவீதம் என்றால், மாநிலங்கள் அனைத்துக்குமாகச் சேர்த்து 57 பைசா.