கோலப்பொடி நிற்காத விரல்கள்

‘எப்படிம்மா இருக்கு?’ என்று கேட்டால் எங்கள் கும்பகோணம் பக்கத்தில் பெரும்பாலும் வரும் பதில், ‘தேவலைங்க டாக்டர்.’ வீங்கிய மணிக்கட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே சொல்வார்கள். மூட்டுகள் வீங்கி இறுகிப்போகும் முடக்குவாதத்துக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மருந்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

நாற்பது வருடம் நடவுக்குப் போன ஒரு அம்மா. ‘வீட்டில் ஏதாவது நோட்டு இருந்தால், தோன்றுவதை எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்றேன். பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்தார். முதல் வரி இது: ‘கோலப்பொடி விரலில் நிற்கவில்லை. மருமகள் போட்டாள். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன்.’

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேராமல் பொடி மொத்தமாகக் கொட்டிப்போகிறது. எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டேன். எட்டு மணி பஸ் போகிற வரைக்கும் விரல் மடங்காதாம். எழுந்திருப்பது ஐந்துக்கு. காலையில் எழுந்ததும் இருக்கும் இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலே மூட்டுக்குள் அழற்சி, அதாவது நோயால் வரும் வீக்கம், அடங்கவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே மூன்று மணி நேரம். இரத்தப் பரிசோதனை பார்த்து அன்றே மருந்தை மாற்றினேன். திண்ணையில் உட்கார்ந்து பார்த்த வருத்தத்துக்கு என்னிடம் மாத்திரை இல்லை. அதை எழுதியதும் கொஞ்சம் லேசானதாக அவரே சொன்னார்.

1999-இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உள்ள 112 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் தங்கள் வாழ்வில் மிகவும் வருத்திய அனுபவத்தை மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதினார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் பலருக்கு நோயின் கடுமை குறைந்திருந்தது. வழக்கமான சிகிச்சையும் கூடவே நடந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு நல்ல பலனைக் காட்டவில்லை. அதனால் எழுதுகிறோமே என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்த நோட்டிலேயே மாத்திரைக் கிழமையையும் குறித்துவையுங்கள். அது வாரம் ஒரு முறை மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த ஊர்க்காரரான எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம், தன் காதுக்குள் ஓயாமல் கேட்ட குரல்களோடு பல வருடம் அல்லாடியவர். அந்த அவஸ்தையையே ‘காதுகள்’ நாவலாக்கினார். 1993-இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத ஒன்றை அவர் ஊருக்கே கேட்க வைத்தாரே, எனக்கு அதுதான் பெரிது. மூட்டுவலியும் வெளியே தெரியாத சங்கதிதான்.

கை வலிக்கும்போது எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். செல்போனில் பேசிப் பதிவு செய்யலாம். எழுதிய அன்று அழுகை வரலாம், அது சகஜம். ஆனால் எழுத எழுத மனம் இன்னும் கனத்துப் போனாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அந்த அம்மா இப்போது சொல்லச் சொல்ல, எட்டாவது படிக்கும் பேத்தி எழுதுகிறாள். போன முறை கொண்டுவந்த பக்கத்தில் வலி என்ற சொல்லே இல்லை. சின்ன வயதில் ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்குச் சப்பரம் இழுத்துப்போன கதை. பாதி வழியில் சக்கரம் கழன்றுகொள்கிறது, அண்ணன் வாழைநாரைத் தேடி ஓடுகிறான். அதோடு பக்கம் முடிந்துவிட்டது. ‘அப்புறம்?’ என்றேன். பேத்தி பாட்டியைப் பார்த்தாள். அடுத்த மாதம் வரும்போது மீதியைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.