கடித்தால் கிராக்கி போய்விடும்

விரல் நீள மீன் ஒன்று, களவா என்ற பெரிய வேட்டை மீனின் திறந்த வாய்க்குள் சாவகாசமாக நுழைந்து, செவுள் வழியே வெளியே வருகிறது. ஒரே விழுங்கில் கதையை முடித்திருக்கலாம். களவாவோ அசையாமல் நிற்கிறது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளப்பாறைகளில் தினமும் நடப்பதுதான் இது.

அந்தச் சின்ன மீனின் பெயர் துப்புரவு மீன் (cleaner wrasse). அதன் நீல உடம்பில் வாயிலிருந்து வால்வரை ஒரு கறுப்புப் பட்டை ஓடும். வாலை நெருங்க நெருங்க அகலும். பாறையில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, உடம்பை மேலும் கீழுமாக ஆட்டி மற்ற மீன்களை அழைக்கும். வருகிறவற்றின் தோலிலும் செவுளிலும் ஒட்டி இரத்தம் குடிக்கும் பூச்சிகள்தான் இதற்குச் சாப்பாடு. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் கணக்கெடுத்தபோது, ஒரு மீன் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்றது தெரியவந்தது.

சரி, இதில் என்ன சிக்கல்? இதற்கு உண்மையில் ருசிப்பது பூச்சி அல்ல, மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான கோழை. அதில் ஒரு கடி வைத்தால் வாடிக்கை மீன் வெடுக்கென்று துள்ளும். அந்தத் துள்ளல்களை எண்ணித்தான் ஆய்வாளர்கள் திருட்டைக் கணக்கிடுகிறார்கள்.

களவா போன்ற வேட்டை மீன்களிடம் இந்த வேலை பெரும்பாலும் நடக்காது. காரணம் சொல்லத் தேவையில்லை. தூரம் சுற்றும் மீன்கள், கடி வாங்கினால் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போய்விடும், முடிதிருத்தும் கடையை மாற்றுவதுபோல. பக்கத்திலேயே குடியிருப்பவைக்கு அந்த வசதி இல்லை. அவை துரத்தி அடிக்கும். போதாததற்கு, வரிசையில் நிற்கும் மீன் பார்த்துக்கொண்டிருந்தால் நம்மாள் ரொம்ப ஒழுங்கு. கோபித்துக்கொண்ட வாடிக்கையைச் சமாதானப்படுத்தவும் வழி வைத்திருக்கிறது: முதுகின் மேல் நின்று வயிற்றுத்துடுப்புகளால் தடவிக்கொடுக்கும். இப்படித் தடவினால் மீனின் இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைகிறது என்று பரிசோதித்தே பார்த்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி அப்புறம்தான் வருகிறது. ஓர் ஆணும் சில பெண்களும் ஒரு குடும்பமாக வாழும். இருவர் சேர்ந்து வேலை செய்யும்போது பெண் கடித்து, வாடிக்கை ஓடிப்போனால், ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தும். அதற்குப் பிறகு அவள் கடிப்பது குறைகிறது. கடி வாங்கிய மீனுக்காகப் பரிந்துகொண்டு ஆண் இதைச் செய்வதாகத் தெரியவில்லை. போனது அதன் சாப்பாடு. இன்னொரு கணக்கும் உண்டு. ஆண் இறந்தால், குடும்பத்தில் பெரிய பெண் சில மணி நேரத்திலேயே ஆணைப்போல் நடக்கத் தொடங்கி, சில வாரங்களில் முழு ஆணாகவே மாறிவிடும். ஏறக்குறைய தன் அளவுக்கு வளர்ந்த பெண்களைத்தான் ஆண் கூடுதல் கடுமையாகத் துரத்துகிறது.