பெரிகார்டியல் எஃப்யூஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

"இதயத்துல தண்ணி கோத்திருக்காம்" என்று சொல்லிக்கொண்டு ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். 'இதயத்தில்' என்பதில்தான் பிழை. இதயத்துக்குள் இருப்பது ரத்தம். நீர் சேர்வது, இதயத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுப் பையில்.

மருத்துவர்கள் சொல்லும் பெயர் பெரிகார்டியல் எஃப்யூஷன். கிரேக்கத்தில் 'பெரி' என்றால் சுற்றி, 'கார்டியா' என்றால் இதயம். எஃப்யூஷன் லத்தீன் வழி வந்தது. வெளியே ஊற்றுதல் என்று பொருள்.

அந்தப் பையில் எப்போதுமே 15 முதல் 50 மி.லி. நீர் உண்டு, உராய்வில்லாமல் இதயம் துடிப்பதற்காக. மார்பு எக்ஸ்ரேயில் இதய நிழல் பெருத்துத் தெரிய, சுமார் 200 மி.லி.யாவது சேர வேண்டும். மிகுதியாகச் சேர்ந்தால் நிழல் இருபுறமும் பருத்து, அடியில் அகன்று, மேலே பெரிய ரத்தக்குழாய்கள் இருக்கும் இடத்தில் கழுத்துபோல் குறுகும். இதற்கு 'வாட்டர் பாட்டில்' இதயம் என்று பெயர். பிளாஸ்டிக் பாட்டிலை நினைத்தால் பிடிபடாது. தண்ணீர் நிரம்பித் தொய்ந்து உட்கார்ந்திருக்கும் தோல் பையை நினைக்க வேண்டும். எனக்கு மண்கூஜாதான் ஞாபகம் வரும்.

இதயம் பலவீனமாகி வீங்கினாலும் நிழல் பெரிதாகும். ஆனால் அப்போது பெரும்பாலும் நுரையீரலிலும் நீர்த்தேக்கத்தின் வெண்மை படியும். உறையில் மட்டும் நீர் என்றால் நுரையீரல் பளிச்சென்று கறுப்பாகவே இருக்கும். பக்கவாட்டுப் படத்தில், மார்பெலும்புக்குப் பின்னால், இரண்டு கறுத்த கொழுப்புக் கோடுகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டையாக நீர் தெரிவதும் உண்டு. கிரீம் பிஸ்கட்டைக் குறுக்கே பார்த்த மாதிரி.

நீர் மெல்லச் சேர்ந்தால் பை விரிந்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். சட்டென்று சேர்ந்தால் 200 மி.லி.யே இதயத்தை நெரித்துவிடும். எக்ஸ்ரேயோ சாதாரணமாகவே தெரியலாம். அதனால் உறுதிசெய்ய எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுப்பார்கள்.

சரி, தமிழ்ச் சொல்? 'நீர்த்தேக்கம்' என்று நானே மேலே எழுதிவிட்டேன், ஆனால் பெயராக வைத்தால் மேட்டூர் அணைதான் கண்ணில் வரும். 'நீர்க்கோவை' சளிக்கும் தலைபாரத்துக்கும் போய்விட்டது. 'கசிவு' என்றால் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. இலக்கணப்படி 'கோத்தல்'தான் சரி, ஆனால் 'கோப்பு' என்று எழுதினால் ஆபீஸ் ஃபைல் வந்து நிற்கும். புழக்கத்தில் இருக்கும் 'கோர்ப்பு'க்கே என் ஓட்டு: இதய உறை நீர்க்கோர்ப்பு. வீட்டில் சொல்ல அதுவும் வேண்டாம். "இதய உறையில் நீர் கோத்திருக்கிறது" என்றாலே போதும்.