எழுப்பியும் எழாத டாஸ்க்: ஷெட்யூலரில் ரேஸ் கண்டிஷனைச் சரிசெய்வது

புராசஸரின் எல்லா கோர்களும் சும்மா இருக்கின்றன. ஒரு டாஸ்க் (கர்னல் ஓட்டும் ஒரு வேலை) மட்டும் உறங்கிக்கொண்டே இருக்கிறது. அது காத்திருந்த தரவு எப்போதோ வந்துவிட்டது, எழுப்ப வேண்டிய ஃபங்ஷனும் ஓடி முடிந்துவிட்டது. குறுக்கிட முடியாத உறக்கமாக இருந்தால் லினக்ஸ் 120 விநாடி கழித்து லாகில் ஓர் எச்சரிக்கை போடும். மற்ற வகை உறக்கமென்றால் அந்த எச்சரிக்கையும் வராது. மறுபடி ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

இந்த இடத்தில் பலர் சந்தேகமான வரிக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்ட்கே (கர்னல் லாகில் செய்தி எழுதும் ஃபங்ஷன்) போடுகிறார்கள். பிழை மறைந்துவிடுகிறது. பிரிண்ட்கே லாக் எடுக்கும், நேரம் எடுக்கும். இரண்டு கோர்களும் மோதிக்கொண்டிருந்த அந்தச் சில நானோவிநாடிகளையே அது தள்ளிவைத்துவிடும். பிழை போனதாக நினைத்து அப்படியே வெளியிட்டால், வேறொரு புராசஸரில் அது திரும்பி வரும்.

டாஸ்க் உறங்கப் போகும் இடத்திலுள்ள நிரலை, அதாவது கோடை, பாருங்கள். தவறான வடிவம் இது: முதலில் தரவு வந்ததா என்று பார்ப்பது, இல்லையென்றால் தன் நிலையை ‘உறக்கம்’ என்று மாற்றுவது, பிறகு ஷெட்யூலரை (எந்த டாஸ்க் எப்போது எந்தக் கோரில் ஓடும் என்று முடிவுசெய்யும் கர்னல் பகுதி) கூப்பிடுவது. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே இன்னொரு கோர் தரவை எழுதிவிட்டு எழுப்ப வருகிறது. அதன் கண்ணுக்கு டாஸ்க் இன்னும் விழித்திருப்பதாகத்தான் தெரிகிறது. எழுப்பத் தேவையில்லை என்று திரும்பிவிடுகிறது. அதன்பின் டாஸ்க் உறங்கினால், அதை எழுப்ப இனி யாரும் வரப்போவதில்லை. எந்தக் கோர் முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் இதுதான் ரேஸ்.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் நிலையை ‘உறக்கம்’ என்று எழுதி, பிறகு தரவைப் பார்த்து, வராவிட்டால் மட்டும் ஷெட்யூலருக்குப் போக வேண்டும். நடுவில் யாராவது எழுப்பினால் நிலை மறுபடி ‘ஓட்டம்’ ஆகிவிடும். ஷெட்யூலர் அந்த டாஸ்கை ரன் க்யூவிலிருந்து (ஓடத் தயாராக உள்ள டாஸ்குகளின் வரிசை) எடுக்காது.

கோடில் வரிசை சரியாகிவிட்டது என்று இங்கே நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. புராசஸர் அந்த வரிசையை அப்படியே கடைப்பிடிக்காது. நிலையை எழுதியது ஸ்டோர் பஃபரில் (எழுத்துகள் மெமரிக்குப் போகுமுன் தங்கும் இடம்) காத்திருக்கும்போதே, அடுத்துள்ள தரவு வாசிப்பு முந்திக்கொண்டு முடிந்துவிடலாம். எழுப்புகிற கோரிலும் இதே கதைதான்: அது தரவை எழுதிவிட்டு நிலையை வாசிக்கிறது. இரண்டு கோர்களும் பழைய மதிப்பையே வாசிக்கும் நிலைமை அப்போது உண்டாகிறது. ஒழுங்கு கறாரானது என்று பெயரெடுத்த எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) புராசஸர்களிலும் இது நடக்கும். எழுத்துக்குப் பின் வரும் வாசிப்பு முந்துவதை மட்டும் அது அனுமதிக்கிறது, நம்மைக் கடிப்பதும் அதேதான்.

ஆகவே இரு பக்கமும் முழு மெமரி பேரியர் வேண்டும்; அதற்கு முந்தைய எழுத்தும் வாசிப்பும் முடியாமல் பிந்தையவை நடக்காதபடி தடுக்கும் கட்டளை அது. ஒரு பக்கம் மட்டும் போட்டால் பயனில்லை. அக்வயர் (பின்னால் உள்ளவை முந்தாமல் தடுப்பது), ரிலீஸ் (முன்னால் உள்ளவை பிந்தாமல் தடுப்பது) என்ற இலகுவான வகைகளும் இங்கே போதாது, ஏனென்றால் எழுத்துக்கும் அடுத்த வாசிப்புக்கும் இடையிலான ஒழுங்கை அவை காப்பதில்லை. லினக்ஸில் செட்_கரன்ட்_ஸ்டேட் என்ற மேக்ரோவுக்குள்ளேயே அந்த பேரியர் இருக்கிறது. முன்னால் இரண்டு அடிக்கோடு கொண்ட அதன் இரட்டையில் இல்லை. வேகத்துக்காக அந்த இரண்டாவதை எடுத்துப் போட்ட பேட்ச் கண்ணில் பட்டால் உடனே நிறுத்திக் கேளுங்கள். எழுப்பும் பக்கத்தில் ட்ரை_டு_வேக்_அப் தானே பேரியரைப் போட்டுக்கொள்கிறது. இந்த நடனத்தைக் கையால் எழுதாமல் வெயிட்_ஈவென்ட் மேக்ரோக்களைப் பயன்படுத்தினால் பாதிப் பிழைகள் பிறக்கவே பிறக்காது.

இதை நிதானமாகப் படிக்க எம்ஐடி-யின் பயிற்சிக் கர்னலான எக்ஸ்வி6 நல்ல இடம். அதன் ஸ்லீப் ஃபங்ஷன் புராசஸின் லாக்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் நிபந்தனையைக் காக்கும் லாக்கை விடுகிறது. எழுப்புகிறவருக்கும் அந்தப் புராசஸ் லாக் வேண்டும் என்பதால், நடுவில் நுழைய இடைவெளியே கிடையாது.

இரண்டாவது ரேஸ் இதைவிட ஆபத்தானது. பூஜ்யமாவது கோரில் ஓடும் டாஸ்க் உறங்க முடிவுசெய்து ரன் க்யூவிலிருந்து விலகிவிட்டது. ஆனால் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (கோர் ஒரு டாஸ்கை விட்டு அடுத்ததற்கு மாறுவது) முடியவில்லை. அந்தக் கோர் இன்னமும் அதே டாஸ்கின் கர்னல் ஸ்டாக்கில்தான் (ஃபங்ஷன்கள் திரும்பிப் போகும் முகவரிகளை வைக்கும் மெமரி) நிற்கிறது. அந்த நொடியில் இன்னொரு கோர் அதை எழுப்பி, தன் க்யூவில் போட்டு, ஓட்டவும் தொடங்கிவிட்டால்? ஒரே ஸ்டாக்கில் இரண்டு கோர்கள். திரும்பிப் போகும் முகவரிகள் சிதைகின்றன. கர்னல் செயலிழந்து விழும் இடம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும், அதற்கும் ஷெட்யூலருக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும். மெமரி சிப் கெட்டுவிட்டதென்று மாற்றிப் பார்க்கத் தோன்றும் வகைப் பிழை இது.

லினக்ஸ் இதற்கு ஒவ்வொரு டாஸ்குக்கும் ‘ஆன்_சிபியு’ என்றொரு கொடி வைத்திருக்கிறது. டாஸ்க் ஓடத் தொடங்கும்போது அது 1 ஆகிறது. அதை 0 ஆக்குவது விலகும் டாஸ்க் அல்ல. ஸ்விட்ச் முழுதாக முடிந்தபின் அந்தக் கோரில் அடுத்து வந்த டாஸ்க்தான் ரிலீஸ் எழுத்தாக அதைச் செய்கிறது. எழுப்புகிற கோர் அக்வயர் வாசிப்போடு அந்த 0-க்காகக் காத்திருந்துவிட்டே டாஸ்கை வேறு க்யூவில் வைக்கிறது. ஸ்விட்சுக்குச் சற்று முன்பே கொடியை இறக்கினால் இடைவெளி சில இன்ஸ்ட்ரக்ஷன்களாகச் சுருங்கும், மூடாது. அப்படிச் சுருங்கிய ரேஸைப் பிடிப்பது பழையதைப் பிடிப்பதைவிடக் கடினம். இந்தப் பகுதி முழுக்க அந்தக் கோரில் இன்டரப்ட் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தும் வன்பொருள் அழைப்பு) அணைந்திருப்பதும் கட்டாயம். இல்லாவிட்டால் இன்டரப்ட் ஹேண்ட்லர் தான் குறுக்கிட்ட டாஸ்கையே எழுப்ப முயன்று, அதன் கொடி இறங்குவதற்காக முடிவில்லாமல் சுற்றும்.

டாஸ்க் ஒரு க்யூவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ரேஸுக்கு வழி எளிது: க்யூ லாக்கை எடுத்தபின் டாஸ்க் இன்னும் அதே க்யூவில்தான் இருக்கிறதா என்று மறுபடி பார்த்து, இல்லையென்றால் விட்டுவிட்டுத் திரும்ப முயல்வது. இரண்டு க்யூ லாக்குகள் வேண்டுமென்றால் எப்போதும் ஒரே வரிசையில் எடுப்பது.

இனி, பிழையை வரவழைப்பது. மெய்நிகர் கணினியை ஓட்டும் க்யூஇமு-வில், லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் உடன், உண்மையான கோர்களைவிட அதிக மெய்நிகர் கோர்களைக் கொடுங்கள். ஹோஸ்ட் ஒரு மெய்நிகர் கோரை நடுவழியில் நிறுத்தும்போது, நானோவிநாடி இடைவெளி மில்லிவிநாடியாக நீளும். கூடவே டாஸ்குகள் எந்தக் கோர்களில் ஓடலாம் என்ற கட்டுப்பாட்டை மாற்றிக்கொண்டும், கோர்களை ஆஃப்லைன், ஆன்லைன் ஆக்கிக்கொண்டும் இருங்கள். சந்தேகமான இடைவெளிக்குள் 50 மைக்ரோவிநாடி யுடிலே (உறங்காமல் சுற்றிக் காத்திருக்கும் தாமதம்) போடுங்கள். லாக் கையில் இருக்கும்போது உறங்கும் வகைத் தாமதம் கூடாது. நாளுக்கு ஒருமுறை வந்தது அடிக்கடி வரத் தொடங்கினால் இடம் சரி. திருத்தத்தைப் போட்டபின்னும் அந்தத் தாமதத்தை எடுக்காமல் அதே சுமையை ஓட்டிப் பாருங்கள். அதிலும் பிழை வராமல் இருந்தால்தான் திருத்தத்தின் மேல் நம்பிக்கை வைக்கலாம்.

கவனிக்க, கர்னல் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் எஃப்ட்ரேஸ் போதும், பிரிண்ட்கேயைவிட மிக இலகுவானது. அதன் வழக்கமான கடிகாரம் கோருக்குக் கோர் விலகலாம். ட்ரேஸ் கடிகாரத்தை ‘குளோபல்’ என்று மாற்றாமல் இரு கோர்களின் நிகழ்வுகளை ஒப்பிட வேண்டாம். எழுப்புதலைக் குறிக்கும் ஷெட்_வேக்கிங் நிகழ்வு, டாஸ்கின் நிலை பொருந்திய பிறகுதான் பதிவாகும். எழுப்பும் ஃபங்ஷன் ஓடியிருந்தும் அந்த நிகழ்வு இல்லையென்றால், எழுப்பியவர் டாஸ்கை விழித்த நிலையில் பார்த்திருக்கிறார் என்று பொருள். நாம் தேடுவது அந்த இல்லாமையைத்தான்.

2020-இல் லினக்ஸ் 5.8-இல் வந்த கேசிசான் என்ற சோதனைக் கருவி, லாக் இல்லாத மோதல்களைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஷெட்யூலர் கோப்பகத்தின் மேக்ஃபைலில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வரியை நீக்காமல் ஓட்டிவிட்டு ‘எச்சரிக்கை ஒன்றும் இல்லை’ என்று மகிழ்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். எச்சரிக்கை வந்த இடத்தில் ரீட்_ஒன்ஸ் (மாறியை ஒரே தடவையில் வாசிக்கச் சொல்லும் மேக்ரோ) ஒட்டினால் செய்தி நிற்கும். கோர்களுக்கிடையிலான ஒழுங்கு அதனால் வந்துவிடாது.

பேரியர் இணை சரிதானா என்பதை ஓட்டத்தால் மட்டும் நிரூபிக்க முடியாது. 2018-இல் லினக்ஸ் 4.17-இல் சேர்ந்த மெமரி மாடலையும், அதன்படி நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் ஆராயும் ஹெர்ட்7 கருவியையும் கொண்டு பத்துப் பதினைந்து வரியில் ஒரு லிட்மஸ் சோதனை (சிறு மாதிரி நிரல்) எழுதுங்கள்: இரு பக்கமும் ஓர் எழுத்து, ஒரு வாசிப்பு. இரு பக்கமும் பழைய மதிப்பை வாசிப்பது நடக்குமா என்று கேட்டால், பேரியர் இல்லாமல் ‘சம்டைம்ஸ்’ என்று சொல்லும்; இரண்டையும் சேர்த்தால் ‘நெவர்’. ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள், மறுபடி ‘சம்டைம்ஸ்’ ஆகிவிடும்.

பேட்சின் விளக்கத்தில் இரண்டு கோர்களையும் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்து, மேலிருந்து கீழாக எந்தப் படி எப்போது நடந்தது என்று எழுதுங்கள். ஒவ்வொரு பேரியரின் மேலும், அது எந்தக் கோப்பின் எந்த ஃபங்ஷனில் உள்ள பேரியரோடு இணை என்பதைக் கருத்துரையாகப் போடுங்கள். மூன்று ஆண்டு கழித்து யாராவது அந்த வரியைத் தேவையில்லாதது என்று நீக்க வரும்போது, அவர்கள் கண்ணில் படப்போவது அந்தக் கருத்துரை மட்டும்தான்.