மாட்டை விற்கும் முன் ஒரு டேப் எடுங்கள்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வியாபாரிகளின் லோரி வரத் தொடங்கிவிடும். வளர்த்த மாட்டை இறைச்சிக்கு அனுப்ப மனம் ஒப்பாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு, அது அவர்கள் முடிவு. ஆனால் விற்பவர் ஏமாறுவதைப் பார்த்தால் கால்நடை மருத்துவனான எனக்கு மனம் பொறுப்பதில்லை.

செம்பனைக்குள் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரின் காளையை வியாபாரி ஒருமுறை சுற்றி வந்து, "260 கிலோதான் ஐயா" என்றார். பெரியவரும் தலையாட்டிவிட்டார். நான் தையற்கடை டேப்பை எடுத்தேன். முன்னங்காலுக்குப் பின்னால், திமிலை விட்டு, மார்புச் சுற்றளவு 160 சென்டிமீட்டர். தோள் முனையிலிருந்து வாலடி எலும்பு முனை வரை நீளம் 130. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 307 கிலோ. இது தராசு இல்லை, மதிப்பீடுதான், கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஆனாலும் 47 கிலோ வித்தியாசத்தைப் பேசாமல் விட முடியுமா?

அப்புறம் பெரியவர் கேட்டார்: "300 கிலோ மாடுன்னா 200 கிலோ கறி வருமே டாக்டர்?" வராது. ரத்தம், தோல், தலை, கால், குடல் எல்லாம் போனபின் தொங்கும் உடல், மேய்ச்சல் மாட்டில் உயிர் எடையில் பாதி அளவுதான். நன்றாகத் தீனி போட்டு வளர்த்ததில் 60 விழுக்காடு வரை போகலாம். வயிறு நிறையப் புல்லும் தண்ணீரும் இருக்கும்போது நிறுத்தால் இந்த விழுக்காடு இன்னும் குறையும், அதனால் காலையில் மேயவிடும் முன் அளப்பது நல்லது. தொங்கும் உடலிலும் எலும்பு, கழிக்கும் கொழுப்பு, சவ்வு போக 65 முதல் 70 விழுக்காடுதான் கடையில் விற்கும் கறி. ஆக இந்தக் காளையில் சுமார் 100 கிலோ. தலை, குடல், ஈரலுக்கும் ஆள் இருப்பதால் வியாபாரியின் வரவு கறியோடு நிற்பதில்லை, பேரம் பேசும்போது இதை மறக்காதீர்கள்.

தொங்கும் உடலில் கறி எத்தனை விழுக்காடு என்பதை அமெரிக்காவில் 1960களிலிருந்து ஒரு சமன்பாட்டால் கணிக்கிறார்கள். பார்ப்பது நான்கு விஷயம்: 12-க்கும் 13-க்கும் இடைப்பட்ட விலா வெட்டில் முதுகுத் தசையின் பரப்பு, அதன்மேல் உள்ள கொழுப்பின் தடிமன், சிறுநீரகம்-இடுப்பு-இதயம் பக்கத்து உள்கொழுப்பு, அறுத்த சூட்டில் எடுத்த எடை. தசைமேல் உள்ள கொழுப்பு ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினால், முக்கியத் துண்டுகளின் கறி விழுக்காடு 0.58 புள்ளி குறைகிறது. தசைப் பரப்பு ஒரு சதுர அங்குலம் கூடினால் 0.74 புள்ளி ஏறுகிறது. கனமான உடலில் மொத்தக் கறி அதிகம், ஆனால் அந்தக் கனம் கொழுப்பால் வந்திருந்தால் விழுக்காடு இறங்கும்.

இந்த எண்களை அப்படியே நம் மாட்டில் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அவை கொழுக்கவிட்ட பெரிய மாடுகளை வைத்துச் செய்தவை. நம்முடைய கெடா-கிளந்தான் மாடு சின்ன உடல், முதுகில் கொழுப்பே சொற்பம். அங்கே கொழுப்பை அளந்து என்ன தெரியும்? தசைக்கும் எலும்புக்கும் உள்ள விகிதம்தான் பேசும். பின்தொடை உருண்டிருக்கிறதா, முதுகெலும்பின் இரு பக்கமும் தசை நிரம்பியிருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

நம் மாட்டுக்கான கணக்கை நாமே எழுதிக்கொள்ளலாம். டேப் அளவு, உயிர் எடை, அறுத்தபின் தொங்கும் எடை, கடைசியில் கிடைத்த கறி என்று நான்கு கட்டம் போதும். எடையைச் சூட்டில் எடுத்ததா, குளிரறையில் வைத்தபின் எடுத்ததா என்றும் குறியுங்கள், ஒரு நாளில் 2 விழுக்காடு அளவுக்கு நீர் இறங்கிவிடும். வாங்கியவரிடம் எடைச் சீட்டைக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தருவார்கள். பெரியவர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வருகிறார், இதுவரை ஆறு மாடு.