திங்கட்கிழமை வராத பிள்ளைகள்

ஆர்.சி. ஸ்கூல், அதாவது ரோமன் கத்தோலிக்கப் பள்ளி என்றாலே நம் ஊர்ப்பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. சிஸ்டர்மார் கண்டிப்பாக இருப்பார்கள், பிள்ளைக்குக் கையெழுத்து நன்றாக வரும், வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் ஃபாதரிடம் போய் நிற்கலாம். மூன்றும் பெரும்பாலும் உண்மைதான். தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஆலோசகராக வேலை பார்க்கிறவள் நான். அந்த மூன்றாவது நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபாதரிடம் போய் நிற்கிற குடும்பத்துக்கு ஏதோ ஒரு உதவி கிடைத்துவிடுகிறது. போய் நிற்கக் கூசுகிற குடும்பம்தான் என்னிடம் வருகிறது, அதுவும் பிள்ளை படிப்பை விடும் நிலைக்கு வந்த பிறகு.

கோவில், பள்ளிக்கூடம், கன்னியர் மடம் எல்லாம் ஒரே காம்பவுண்டில் இருக்கும். பங்கு என்கிற கோவில் வட்டாரத்துக்குப் பொறுப்பான பங்குத்தந்தைதான் பல இடங்களில் பள்ளித் தாளாளரும். தெருவுக்குத் தெரு அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் குழு கூடுகிறது, ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, திருவிழா வந்தால் ஊரே பள்ளி மைதானத்தில் கிடக்கும். பணம் கொட்டி நடத்துகிற எந்தத் தனியார் பள்ளியாலும் இப்படி ஒரு சுற்றத்தை உண்டாக்க முடியாது. ஆனால் இந்தச் சுற்றம் முழுக்கக் கோவில் வாசலைச் சுற்றியே இருக்கிறது. 'வசதியில்லாத பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் தரப்படும், பெயர் கொடுக்கவும்' என்ற அறிவிப்பு எங்கே வாசிக்கப்படுகிறது என்று பாருங்கள். ஞாயிறு திருப்பலி, அதாவது பூசை முடிகிற நேரத்தில். அந்த நேரத்தில் கோவிலுக்குள் இல்லாதவர்கள் யார் யார்? அதே பள்ளியில் படிக்கிற இந்து, முஸ்லிம் பிள்ளைகளின் பெற்றோர், வேலைக்காக வடக்கேயிருந்து வந்து தங்கியிருக்கிறவர்கள், கணவனைப் பிரிந்து வந்த பிறகு நாலு பேர் கண்ணில் படாமல் பூசை முடியும் முன்பே கிளம்பிவிடுகிற அம்மா, கோவில் வரி பாக்கி இருப்பதால் கமிட்டிக்காரர் முகத்தில் விழிக்கத் தயங்குகிற அப்பா. உதவி யாருக்கு அதிகம் வேண்டுமோ, அவர்கள் காதில்தான் அறிவிப்பு விழுவதில்லை.

அப்படியானால் இவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி? வகுப்பாசிரியர் நினைத்தால் வருகைப்பதிவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வருகைப்பதிவு இப்போது செல்போன் செயலியில்தான் போடப்படுகிறது, மாதக் கடைசியில் ஒரு சதவீதம் வரும், 80-க்கு மேல் இருந்தால் யாரும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் எந்தப் பள்ளிக்குப் போனாலும் சதவீதத்தை விட்டுவிட்டுக் கிழமையைத்தான் பார்ப்பேன். மாதத்தில் நாலே நாள் விடுப்பு, ஆனால் நாலும் திங்கட்கிழமை என்றால் அந்த வீட்டைப் பற்றி விசாரித்தாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை கணக்கு முடிந்து கையில் காசு வரும். குடிக்கிற ஆள் இருக்கிற வீட்டில் சனி ராத்திரி தொடங்குகிற சண்டை ஞாயிறு ராத்திரி வரை போகும், திங்கள் காலை அம்மா எழுந்து பிள்ளைக்குத் தலைவாரி அனுப்பும் நிலையில் இருக்க மாட்டாள். இன்னொரு வகை, புதன்கிழமை வராத பிள்ளை, வியாழக்கிழமை வராத பிள்ளை. அந்தத் தெருவில் மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை வசூலிக்க வருகிற நாள் எது என்று கேட்டுப் பார்த்தால் பாதி நேரம் விடை அதில் இருக்கும். லோன்காரர் வருமுன்னே வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவாள், கூடவே பிள்ளைகளும்.

ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமியிடம் ஏன் நேற்று வரவில்லை என்று டீச்சர் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "காய்ச்சல் டீச்சர்" என்றாள். எப்போது கேட்டாலும் காய்ச்சல்தான். வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டால் வேறென்ன சொல்வாள்? அந்த டீச்சர் கெட்டிக்காரி, அதோடு விட்டுவிட்டார். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த பாட்டியைத் தனியே நிறுத்தி, "ஆச்சி, வீட்டுல எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆச்சி கேட்டைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் பேசினார். 'உங்க வீட்டுல என்ன பிரச்சினை' என்று ஆரம்பித்திருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது.

வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் சபை 1833-ல் பாரீஸில் எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரெடெரிக் ஓசானாம் அப்போது இருபது வயதுக் கல்லூரி மாணவர், கூட நண்பர்கள் சிலர். அவர்கள் செய்த வேலையின் உயிர் வீடு சந்திப்பதில்தான் இருந்தது. ஏழைகளைத் தங்கள் இடத்துக்கு வரிசையில் வரச் சொல்லாமல், அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினார்கள். மதம் பார்த்து உதவுவதில்லை என்பதும் சபையின் கொள்கைதான். இன்று பல பங்குகளில் வீடு சந்திப்பு சுருங்கிப்போய், கிறிஸ்துமஸ் சமயத்தில் மேடை போட்டு அரிசிப்பை கொடுத்து போட்டோ எடுப்பதில் வந்து நிற்கிறது. அந்த போட்டோ ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பிலும் வரும். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைக்குத் தன் அம்மா எதற்கு வரிசையில் நிற்கிறாள் என்பது நன்றாகவே புரியும். அடுத்த வருஷம் அந்த அம்மா வர மாட்டாள், 'இப்போ பரவாயில்ல போல, அதான் வரல' என்று நாம் பட்டியலில் இருந்து பெயரை அடித்துவிடுவோம்.

பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விஷயமும் இப்படித்தான். வெள்ளை உடை, தலைக்குக் கிரீடம், மெழுகுதிரி, அப்புறம் சொந்தக்காரருக்குச் சாப்பாடு. பிள்ளைக்கு இன்னும் ஜெபம் சரியாக வரவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒரு அம்மா சொன்னால் பெரும்பாலும் ஜெபம் காரணமாக இருக்காது. எல்லாருக்கும் ஒரே மாதிரி எளிய உடையைப் பங்கே தைத்துக் கொடுத்துவிட்டால் போயிற்று, சில ஊர்களில் அப்படிச் செய்கிறார்கள். ஆண்டு விழா நடனத்துக்கு உடை வாடகை கேட்கிற ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

காலை உணவுத் திட்டம் வந்தபோது வேறொன்றைப் பார்த்தேன். அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கியது, உதவி பெறும் பள்ளிகளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளுக்கு, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைத்தார்கள். நகர்ப்புறப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில். இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள். ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் 'வீட்டில் பொங்க மாட்டார்களா என்று நாலு பேர் நினைப்பார்கள்' என்று பிள்ளையைச் சாப்பிடவிடாத பெற்றோர் இருக்கிறார்கள், அதிலும் நேற்று வரை கொஞ்சம் வசதியாக இருந்து இப்போது இறங்கிப்போன குடும்பங்கள். ஆசிரியரும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்த பள்ளியில் இந்தக் கூச்சம் சீக்கிரமே போய்விட்டது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதை மறக்க வேண்டாம். பள்ளி திறப்பதும் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் கையில் காசே இல்லாத நாட்களும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஜூன் முதல் வாரத்தில் எந்தப் பணமும் கேட்காதீர்கள், ஜூலைக்குத் தள்ளுங்கள்.

தர்மமாகக் கொடுக்கிற உதவியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், உரிமையாகக் கிடைக்க வேண்டியதைப் பற்றிப் பேசுவதில்லை. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிற பிள்ளையின் சம்பாதிக்கிற தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும், நிரந்தரமாக முடங்கிப்போனாலும் 75,000 ரூபாய் பிள்ளை பெயரில் வைப்பு நிதியாகப் போடப்படும். தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமலே பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போன குடும்பங்கள் உண்டு. விபத்துச் சாவு என்பதற்குக் காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையும் போஸ்ட்மார்ட்டம் சான்றும் வேண்டியிருக்கும். துக்கத்தில் உடலை அறுக்க வேண்டாம் என்று அழுது வாங்கிக்கொண்டு வந்து அடக்கம் செய்துவிடுகிறார்கள், அப்புறம் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அந்த வீட்டில் முதலில் போய் நிற்கிற ஆள் பெரும்பாலும் ஃபாதர் அல்லது சிஸ்டர் என்பதால், அவர்களுக்கு இது தெரிந்திருப்பது முக்கியம்.

கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000-க்கும் மற்ற இடங்களில் 96,000-க்கும் மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிற அன்புக்கரங்கள் திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. வருமானச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளை பெயரில் பேங்க் கணக்கு, இவற்றுக்கு அலைய ஆள் இல்லாமல்தான் பாதி விண்ணப்பம் நின்றுபோகிறது. அன்பியத்தில் ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ.வோ பேங்க் கிளார்க்கோ ஒருவர் கட்டாயம் இருப்பார். அரிசிப்பையைவிட அவருடைய இரண்டு மணி நேரம் பெரிய உதவி.

இந்த நெருக்கமான சுற்றமே பிள்ளைக்கு எதிராகத் திரும்புகிற இடமும் ஒன்று இருக்கிறது. பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்துகொண்டதாகத் தெரிய வந்தால், 'ஊர்ப் பேர் கெட்டுவிடும், கமிட்டியில் வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள், எல்லாரும் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள். பேசி முடிக்க இதில் எதுவும் இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி தெரிந்த உடனே புகார் கொடுத்தாக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன்கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. தாளாளர், தலைமையாசிரியர், ஆயா எல்லாருக்கும் இது பொருந்தும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டும் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் சுவரில் எழுதியிருக்கட்டும், ஆபீஸ் ரூமுக்குள் ஒட்டி வைத்துப் பிரயோஜனம் இல்லை.

கடைசியாகப் பெற்றோர் கூட்டம். காலை பதினோரு மணிக்கு வைத்தால் கூடை சுமந்து மீன் விற்கிற அம்மா வர முடியாது, ஞாயிறு பூசை முடிந்ததும் வைத்தால் கோவிலுக்கு வராதவர்கள் வர மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளி வராண்டாவில் டீயோடு வைத்துப் பார்த்த ஒரு பள்ளியில் அதுவரை தலைகாட்டாத ஆட்கள் வந்தார்கள். அப்படியும் வராதவர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு, வகுப்பாசிரியரும் வின்சென்ட் சபை ஆள் ஒருவரும் சேர்ந்து வாரம் இரண்டு வீடு போனால் ஒரு பருவத்துக்குள் அந்தப் பட்டியல் முழுவதையும் சுற்றி வந்துவிடலாம். கையில் எதுவும் கொண்டுபோக வேண்டாம், முதல் தடவை சும்மாவே போங்கள்.